ஓசையிடும் கிளட்சும் எத்தீம்களின் சொத்தும்



உங்கள் இல்லத்துக் கொட்டகையில் பழைய கார் ஒன்று நிற்குமாயின், அது என்றேனும் ஒருநாள் பெடலை மிதிக்கும்போது முனகத் தொடங்கும். பட்டறைக்குக் கொண்டுசென்றால், "கிளட்ச் போய்விட்டது" என்று ஒரே சொற்றொடரில் தீர்ப்பு வந்துவிடும். போனது எது, எவ்வளவு போனது, இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்ற விவரமெல்லாம் அத்தீர்ப்பில் இராது. மருத்துவரிடம் "உடம்பு போய்விட்டது" என்று கேட்டுவிட்டு எழுந்து வருவோமா? ஆனால் பட்டறையில் மட்டும் நாம் வாய்மூடிப் பணத்தை எண்ணி வைக்கிறோம்.

இதை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கையின் வீட்டுக் கார். மச்சான் 2018ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார். நோயுற்றிருந்த நாட்களிலேயே, பிள்ளைகள் பருவமெய்தும்வரை அவர்களின் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் வஸிய்யத்தாக ஒப்படைத்திருந்தார். அவர் விட்டுச்சென்றவற்றுள் 2005ஆம் ஆண்டின் மாருதி 800 ஒன்றும் இருந்தது. தங்கை இத்தா இருந்து முடித்தாள். அதன்பின்னும் அக்காரைத் தொட எவருக்கும் மனம் வரவில்லை. எட்டு மாதங்கள் கொட்டகையிலேயே நின்றது. எங்கள் காயல்பட்டினமோ கடலோர ஊர். உப்புக் காற்றில் எட்டு மாதம் அசையாமல் நின்ற இரும்பின் கதி என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் படிப்புச் செலவு நெருங்கியபோது காரை விற்பது என்று முடிவாயிற்று. பேட்டரியை மாற்றி என்ஜினை முடுக்கினோம். அது அல்லாஹ்வின் கிருபையால் உடனே உயிர்பெற்றது. ஆனால் கிளட்ச் பெடலில் கால் வைத்ததுமே, ஈரமணலைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை எழுந்தது.

முதலில் பார்த்த பட்டறைக்காரர் என்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் இறக்கிப் பிரிக்கவேண்டும் என்றார். 18,000 ரூபாய் கேட்டார். வண்டியை வாங்க வந்த தரகரோ, "உள்ளபடியே தாருங்கள், 48,000 தருகிறேன்" என்றார். போகும்போது என் தோளைத் தொட்டு, "காக்கா, கியர்பாக்ஸ் கூட்டின் இடுக்கு வழியாக எண்ணெயைக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் பத்து நாளைக்குச் சத்தம் வராது. அதற்குள் வேறு யாரிடமாவது அறுபதுக்குத் தள்ளிவிடலாம்" என்று ஓர் உபாயமும் சொல்லிவிட்டுப் போனார். எண்ணெய் பீய்ச்சினால் ஓசை சில நாட்கள் அடங்கும் என்பது மெய்தான். அவ்வெண்ணெய் கிளட்ச் பிளேட்டின்மீது பட்டால் பிடிப்பு வழுக்கும். ஏற்றத்தில் வண்டி நகராது என்பதை அவர் சொல்லவில்லை.

இப்போது என் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இது என் சொந்தக் காராயிருப்பின், ஐயாயிரம் பத்தாயிரம் குறைந்தாலும் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது எத்தீம்களின் பொருள். என் தாராள மனத்தை அவர்களின் கணக்கில் காட்ட எனக்கு உரிமையில்லை. அதே வேளையில், வாங்க வருபவனை ஏமாற்றி எத்தீம்களின் உண்டியலை நிரப்பவும் வழியில்லை. திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயத்து 152ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அநாதைகளின் பொருளை அழகிய முறையிலன்றி நெருங்கக் கூடாது என்று கட்டளையிடும் இறைவன், அடுத்த மூச்சிலேயே அளவையும் நிறுவையையும் நீதியோடு நிறைவாக்குமாறும் பணிக்கிறான். இரண்டும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. நான் அதைப் பன்முறை ஓதியிருக்கிறேன். ஒரு காரை விற்கும் பொறுப்பு தலைமேல் ஏறியபோதுதான் அவ்விரு கட்டளைகளும் ஏன் அருகருகே நிற்கின்றன என்று நின்று சிந்திக்கத் தோன்றியது.

ஆகவே முதல் வேலை, நோய் எதுவென்று திட்டமாக அறிவது. வளைகுடாவில் ஒரு வாகனப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஸ்பேனர் பிடிக்கும் கை எனக்கில்லை; எனினும் எந்தப் பாகம் எதற்காகத் திரும்பி வருகிறது என்பதைப் பார்த்துப் பழகிய கண் உண்டு.

கிளட்ச் என்பது பெரிய மாயமன்று. என்ஜினின் முனையில் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதன் முகத்தோடு ஒட்டிநிற்கும் வட்டத் தகடுதான் கிளட்ச் பிளேட். அத்தகட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட். நீங்கள் பெடலை மிதிக்கும்போது கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளுகிறது. அந்த பேரிங், பிரஷர் பிளேட்டின் நடுவே பூவிதழ்போல் விரிந்துள்ள ஸ்பிரிங் விரல்களை அழுத்துகிறது. உடனே பிடி தளர்ந்து, என்ஜின் தனியே சுழல, கியர்பாக்ஸ் ஓய்வு கொள்கிறது. காலை எடுத்தால் மீண்டும் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. இவ்வளவே.

இதில் எந்தப் பாகம் எப்போது அசைகிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால், ஓசையே நமக்கு வழிகாட்டிவிடும். இன்று நம் சகோதரிகள் பலரும் வண்டி ஓட்டுகின்றனர். கீழே சொல்லும் சோதனைக்குக் கையில் ஒரு துளி அழுக்கும் படவேண்டியதில்லை. பட்டறைக்குப் போகுமுன் அவர்களே செய்து பார்க்கலாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். என்ஜினை முடுக்காமலேயே பெடலை மெல்ல மிதித்துப் பாருங்கள். அப்போதே கிறீச்சென்ற ஓசை வருமாயின், உள்ளே எதுவும் சுழலவில்லை அல்லவா? எனவே குற்றம் பேரிங்கில் இராது. பெடலின் அச்சு, காய்ந்துபோன கேபிள், துருவேறிய நெம்புகோல் தண்டு ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றில் பல, ஒரு துளி கிரீஸிலோ ஒரு புதிய கேபிளிலோ தீர்ந்துவிடும். இதற்குப்போய்க் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து என்ஜினை முடுக்குங்கள். பெடலில் கால் வேண்டாம். இந்நிலையில் கியர்பாக்ஸின் முதன்மைத் தண்டும் என்ஜினோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கும். இப்போது உறுமல் கேட்டு, பெடலை முழுவதும் மிதித்ததும் அது அடங்கிவிட்டால், ஐயத்துக்குரியது கியர்பாக்ஸின் உள்ளேயுள்ள பேரிங். பெடலை மிதித்ததும் அத்தண்டு நின்றுவிடுவதால் ஓசையும் நின்றுவிடுகிறது. கியர் ஆயில் குறைந்திருந்தாலும் இதுபோன்ற ஓசை வரும். ஆகவே முதலில் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறாக, கால் வைக்காதபோது அமைதியாயிருந்து, பெடல் சற்றுக் கீழிறங்கி எதிர்ப்புத் தட்டுப்படும் அந்தக் கணத்தில் ஓசை பிறந்து, மிதிக்க மிதிக்க வளருமாயின், அது ரிலீஸ் பேரிங்கின் முறையீடு. அந்த பேரிங் ஸ்பிரிங் விரல்களைத் தொட்டுச் சுழலத் தொடங்குவது அப்போதுதான்.

மூன்றாவது வகை ஒன்றுண்டு. பெடலை விட்டு வண்டி நகரத் தொடங்கும்போது மட்டும் உடல் முழுதும் நடுங்கும். அது பெரும்பாலும் பிளேட்டில் எண்ணெய் பட்டதாலோ, என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் நைந்ததாலோ வருவது. ரப்பரைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பாராமல் பிளேட்டை மாற்றிவிட்டு, நடுக்கம் நிற்கவில்லையே என்று திரும்பி வந்த வாடிக்கையாளர்களை நான் அக்கிடங்கில் கண்டிருக்கிறேன்.

தங்கையின் காரில் முதல் சோதனையிலேயே மெல்லிய கிறீச்சொலி இருந்தது. இரண்டாவதில் அமைதி. பெடல் இறங்கியதும் சிரட்டை மணல். கேபிளும் நெம்புகோல் தண்டும் துருவேறியுள்ளன, ரிலீஸ் பேரிங்கின் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று தெளிவாயிற்று. என்ஜினைத் தொடவே தேவையில்லை. நின்றுபோன வண்டிக்கு வயதோடு வரும் தேய்மானம் இது. செய்தவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. 1983இல் தொடங்கி 2014இல் தயாரிப்பு நின்ற இவ்வகைக் கார்களுக்கு உதிரிபாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன என்பது பெரிய ஆறுதல்.

திருச்செந்தூரில் ஒரு தம்பி தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். நான் சோதனை செய்ததைச் சொன்னதும் அவரும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "சரிதான் பாய். ஆனா கியர்பாக்ஸ இறக்கினாத்தான் மத்தது தெரியும். இறக்கினதும் உங்களுக்கு ஃபோன் போடுறேன், வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் சாமான் வாங்கலாம்" என்றார். நல்ல மெக்கானிக்குக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மறுநாள் போனேன். என்ஜின் அதன் இடத்திலேயே இருந்தது. அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கியிருந்தார். முன்சக்கர இயக்க வண்டியாதலால், கியர் ஆயிலை வடித்து, சக்கரங்களுக்குச் செல்லும் இரு தண்டுகளையும் உருவிய பிறகே கியர்பாக்ஸ் விலகும். வேலையின் பெரும்பகுதி இதுதான். பாகத்தைவிடக் கூலி கனமாக இருப்பதன் காரணமும் இதுவே. வீட்டிலேயே செய்துபார்க்க எண்ணும் இளைஞர்களுக்கு இரண்டு சொற்கள்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகாதீர்கள், உறுதியான தாங்கிகளை வையுங்கள். கிளட்ச் கூட்டுக்குள் படிந்துள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அத்தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ரிலீஸ் பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றினார் தம்பி. கரகரவென்று தட்டித் தட்டிச் சுழன்றது. அதைப் பெட்ரோலில் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்து மீண்டும் பூட்டுபவர்கள் உண்டு. மூடி அடைத்த பேரிங்கைக் கழுவினால் உள்ளிருக்கும் கிரீஸும் கரைந்துபோகும், மாற்றுவதொன்றே வழி.

இங்கேதான் எனக்குச் சோதனை. பேரிங் மட்டும் மாற்றினால் 600 ரூபாய். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் அடங்கிய முழு செட் 2,400 ரூபாய். கூலி எப்படியும் ஒன்றுதான். "கியர்பாக்ஸை இறக்கினால் முழு செட்டையும் மாற்று" என்பது பட்டறைகளின் பொதுவிதி. சொந்த வண்டிக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இது விற்கப்போகும் வண்டி. எத்தீம்களின் பணம் 1,800 ரூபாயை, முகம் தெரியாத ஒருவரின் வருங்கால வசதிக்காகச் செலவிடலாமா?

"அளந்து பார்ப்போம்" என்றேன். பிளேட்டின் ரிவெட் தலைகளுக்கு மேல் உராய்வுப் பரப்பு 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் இருந்தது. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றவேண்டும் என்பது கணக்கு. ஆக, பிளேட்டில் இன்னும் உயிர் இருந்தது. அடுத்துப் பிரஷர் பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பினோம். ஸ்பிரிங் விரல்களின் நுனிகளில், பேரிங் தொடும் இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு விரல்கள் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தன. பள்ளம் விழுந்த விரல்மீது புது பேரிங்கை ஓட்டினால், அது சமமாக அமராது. சில மாதங்களில் அதே முனகல் திரும்பும். ஃப்ளைவீலின் முகத்தில் வெப்பத்தால் நீலம் பாய்ந்த தடமோ ஆழ்ந்த கீறலோ இல்லை. கடைசல் வேலை மிச்சம். கியர்பாக்ஸின் முன்புற ஆயில் சீல் மட்டும் இலேசாகக் கசிந்திருந்தது.

முழு செட் வாங்கச் சொன்னேன். விரல்களைக் கண்ணால் கண்டுவிட்ட பிறகு, "கிளட்ச் சரிசெய்யப்பட்டது" என்று சொல்லி அறுபதாயிரம் கேட்க என் நாவு எழாது. பேரிங் மட்டும் மாற்றி அதையும் சொல்லி விற்றிருந்தால், வாங்குபவர் 1,800 ரூபாயைவிட அதிகமாகவே விலையில் குறைத்திருப்பார். எனவே எத்தீம்களுக்கும் அதுவே இலாபம் என்று மனம் தேறினேன்.

பூட்டும்போது ஒரு நுட்பம் கவனித்தேன். புதுப் பிளேட்டை ஃப்ளைவீலின் நடுமையத்தில் நிறுத்தாவிட்டால் கியர்பாக்ஸின் தண்டு உள்ளே நுழையாது. அதற்கென்று பழைய தண்டு ஒன்றின் துண்டை வைத்திருந்தார் தம்பி. அதைச் செருகி மையம் பிடித்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினார். ஒரு பக்கமாக முறுக்கினால் தகடு கோணிக்கொள்ளும். தண்டின் பற்களில் கிரீஸை விரல்நுனியால் தடவியதாகவே தெரியவில்லை, அவ்வளவு குறைவு. "அதிகம் வச்சா சுத்துற வேகத்துல பிளேட்டுக்குத் தெறிச்சிரும் பாய்" என்றார். நெம்புகோல் தண்டின் துருவைத் தேய்த்துப் புஷ்ஷுக்கும் கிரீஸ் இட்டார்.

செட் 2,400, ஆயில் சீல் 250, கேபிள் 300, கியர் ஆயில் 350, கூலி 2,000. மொத்தம் 5,300 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் சீட்டு வாங்கிக்கொண்டேன். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு சாக்கில் கட்டி எடுத்துவந்தேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள். பாகங்கள் மாற்றப்பட்டதற்கு அதைவிடச் சான்றில்லை.

கார் அமைதியாயிற்று. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது, இரண்டாவது கியரில் மட்டும் மெல்லியதொரு ஊளைச் சத்தம் கேட்டது. கிளட்சின் ஓசையில் அமுங்கிக் கிடந்தது இப்போது வெளிவந்திருந்தது. கியர் பற்களின் தேய்மானம். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடலாம், ஓடாமலும் போகலாம். அதைச் சரிசெய்யும் செலவு இவ்வண்டிக்குத் தகாது.

ஆறுமுகநேரியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தாயாரை மாதந்தோறும் திருநெல்வேலி மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வண்டி தேடிக்கொண்டிருந்தார். சாக்கிலிருந்த பழைய பாகங்களைக் காட்டினேன், சீட்டுகளைக் காட்டினேன். 62,000க்கு ஒப்புக்கொண்டார். பிறகு அவரையே ஓட்டச் சொல்லி, இரண்டாவது கியரில் சற்று நேரம் போகச் சொன்னேன். "கேட்கிறதா?" என்றேன். "கேட்கலையே" என்றார். கண்ணாடியை ஏற்றச் சொல்லி மீண்டும் கேட்கச் செய்தேன். கேட்டது. யோசித்துவிட்டு 2,000 குறைத்தார். 60,000க்கு முடிந்தது.

இரவு தங்கை கேட்டாள்: "காக்கா, அவருக்கே கேக்கல. நீங்க ஏன் கண்ணாடிய ஏத்தச் சொல்லிக் கேக்க வச்சீங்க? ரெண்டாயிரம்னா புள்ளைக்கு ரெண்டு மாச வேன் காசு."

அவள் கேட்டதில் நியாயமில்லாமல் இல்லை. அவளுக்கு அந்த இரண்டாயிரத்தின் கனம் என்னைவிட நன்றாகத் தெரியும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் கண்ட நிகழ்ச்சியை அவளுக்கு நினைவூட்டினேன். மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதும், ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அறிவித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. அந்த வணிகரிடமும் எவரும் ஈரம் உண்டா என்று கேட்டிருக்கவில்லை. தங்கை சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மச்சான் இருந்தா அவங்களும் சொல்லித்தான் வித்திருப்பாங்க" என்றாள். அவள் முழுமனத்தோடு சொன்னாளா, ஆற்றாமையால் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

உரிமையாளர் மறைந்துவிட்ட வண்டியை நேராக விற்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 31ஆம் எண் படிவத்தின் மூலம் முதலில் வாரிசின் பெயருக்கு மாற்றி, அதன்பின்னரே 29, 30 எண் படிவங்களில் வாங்குபவர் பெயருக்கு மாற்றவேண்டும். இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். வெறும் கையொப்பத் தாள்களோடு வண்டியைக் கைமாற்றிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. நாளை அவ்வண்டி ஒரு விபத்தில் சிக்கினால், அதன் வழக்கு விதவையின் வாசலில் வந்து நிற்கும்.

செலவு போக மீதம் 54,700 ரூபாய். மச்சானின் பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டதால், தங்கைக்கு எட்டில் ஒரு பங்காக 6,837 ரூபாய் 50 காசு. எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரவர் பெயரில் எழுதப்பட்டது. தரகர் கேட்ட விலையைவிட 6,700 ரூபாய் கூடுதல்.

இரண்டு மாதம் கழித்து அந்த இளைஞர் அழைத்தார். மனம் திக்கென்றது. பெடல் மேலேயே பிடிக்கிறது, தளர்ச்சியே இல்லை என்றார். புதுப் பிளேட் ஓடிப் படிந்து சிறிது தேய்ந்ததும் பெடலின் தளர்ச்சி குறையும். அதைச் சரிசெய்யாவிட்டால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் விரல்களைத் தொட்டுச் சுழன்று மீண்டும் காய்ந்துவிடும். திருச்செந்தூர்த் தம்பியிடம் போகச் சொன்னேன். அவர் கேபிள் முனையிலுள்ள நட்டைச் சற்றே தளர்த்தி, பெடலில் இரண்டு விரற்கடை வெற்றோட்டம் வைத்து அனுப்பினாராம். காசு வாங்கவில்லை.